திங்கட்கிழமைப் பதிவுகள்

ஜனவரி 8

அன்புள்ள டொக்குவுக்கு,

நானும் உன் மாமாவும் இங்கே குறைவில்லாமல் இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி. அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி. நீயும் உன் பெண்டாட்டி டீச்சரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று போன வருஷம் நீ சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது பழகிவிட்டது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வலைப்பதிவு தூங்கி ஆறு திங்கட்கிழமை ஆகிறது. ‘வாரந்தோறும் திங்கள் காலை’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். கீழே பார்த்தால் நவம்பர் மாதத்துக் கழிவுநீர்க் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. எங்கள் இன்சூரன்ஸ் ஆபீசில் வீடு வாங்க அலைகிற ஒருத்தியிடம் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “உங்க தம்பி தொழிலை விட்டுட்டாரா?” என்று கேட்டாள். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நேரமில்லை என்பாய். ஊரார் வீடு வாங்குவதற்கு முன்னால் நீ போய்ச் சுவரையும் சீலிங்கையும் தட்டி, ஓதம் பார்த்து, விரிசலை அளந்து, வாங்கலாம் வாங்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவன். உன்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் வலைப்பதிவைப் படித்துவிட்டு வருகிறவர்கள். அதை விட்டால் அடுத்த வருஷம் வேலையும் விட்டுப்போகும். ஒரு வழி சொல்கிறேன். பதிவுக்கென்று தனியாக உட்காராதே. வீடு பார்க்கப் போகிற இடத்திலேயே, நல்ல விரிசலாக ஒன்று கண்ணில் பட்டால் நிதானமாகப் படம் எடுத்துக்கொள். ஒரே நடையில் இரண்டு வேலையும் முடியும்.

நாங்களும் ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறோம். மூன்றாவது மாடி, இருபது வருஷக் கட்டடம். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டைக்கூட டொக்கு டொக்கென்று தட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டவன் நீ. நீ வந்து பார்க்காமல் நான் அந்த வீட்டை வாங்குவதாக இல்லை.

டீச்சரைக் கேட்டதாகச் சொல். சொல்வாயா என்பது வேறு விஷயம்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். மாமாவை மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் லிஃப்ட் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. டீச்சர் பரீட்சைத் தாள்களுக்கு நடுவில் இருக்கிறாள். கேட்டதாகச் சொன்னேன். “அப்படியா” என்றாள்.

என் நாள் எப்படிப் போகிறதென்று கேள். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, சாயங்காலம் இரண்டுக்கும் அறிக்கை. எல்லாருக்கும் அன்றைக்கே வேண்டும். பதிவு எழுத உட்கார்ந்தால் முடியாத அறிக்கை என்னை முறைக்கிறது. அறிக்கை எழுத உட்கார்ந்தால் நீ முறைக்கிறாய்.

ஆனால் உன் யோசனை நல்ல யோசனை. நேற்றே செய்துவிட்டேன். ஒரு தனி வீடு. படிக்கட்டுச் சுவரில் கீழிருந்து மேல்வரை ஒரு விரிசல். சின்ன ஜன்னலிலிருந்து அதன்மேல் சாய்வாக வெளிச்சம் விழுந்தது. இந்தத் தொழிலில் பதினோரு வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வாங்கப் போகிற அம்மா கூடவே நின்று, “படிக்கட்டுக்கே இவ்வளவு நேரமாங்க?” என்று கேட்டார். தொழில் ரகசியம் என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்தேன். திங்கட்கிழமை பார்.

உன் ஃப்ளாட்டை ஏப்ரலில் வந்து பார்க்கிறேன். அதற்குள் பொறுக்க முடியாவிட்டால் துடைப்பக் கட்டையால் சீலிங்கை நீயே தட்டிப் பார். கெட்டியாகச் சத்தம் வந்தால் சரி. உள்ளே காலியாக இருப்பதுபோல் டொப்பென்று வந்தால் பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், அதன் கீழே நிற்காதே. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் என் பெயரைச் சொல்லாதே.

அன்புத் தம்பி,
டொக்கு


பிப்ரவரி 27

அன்புள்ள டொக்குவுக்கு,

எல்லாரும் சுகம். லிஃப்ட் இருக்கிறது. ஓடுகிறதா என்று நீ கேட்டிருக்க வேண்டும், நான் பதில் சொல்லாமல் இருந்திருப்பேன்.

படிக்கட்டு விரிசல் பதிவை மூன்று தடவை படித்தேன். அடடா, அந்தப் படங்கள். எங்கள் மேலாளர் அதை ஆபீசில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். தொழிலை விட்டுட்டாரா என்று கேட்டவள் என் மேஜைக்கே வந்து உன் நம்பர் வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமைகூடத் தப்பவில்லை. அக்கா சொன்னால் சும்மா இருக்காது என்று இனிமேலாவது ஒத்துக்கொள். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் சட்டம் போட்டு மாட்டி வைப்பேன்.

ஃப்ளாட்டுக்காரர் ஜூலைவரை பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஏப்ரலில் எந்தத் தேதி என்று எழுது, நான் லீவு சொல்ல வேண்டும். துடைப்பக் கட்டையால் தட்டினேன். எல்லாச் சத்தமும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை.

ஏப்ரலில் வர முடியாது போலிருக்கிறது. உங்கள் பக்கத்திலேயே நன்றாகப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். அவர் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என்னைவிட நிதானமானவர். அவரை வைத்துப் பார்த்துக்கொள்.

மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவின் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. உனக்கு என்ன?

டொக்கு என்று கையெழுத்துப் போடாமல் நீ எனக்குக் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. என்னை வேறு ஆளிடம் தள்ளிவிடுகிறாய். உன்னைவிட நிதானமானவராம். எவனைப் பற்றியும் நீ அப்படிச் சொல்கிற ஆள் இல்லையே. பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்குத்தான் இருபத்திரண்டு வருஷமாக இன்சூரன்ஸ் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. எனக்குக் காது குத்தாதே.

மூச்சுவிட நேரமில்லாத வேலை என்கிறாய். ஆனால் மார்ச் பாதியிலிருந்து வாரத்துக்கு ஒன்றாக இருந்த பதிவு இரண்டாகிவிட்டது. போன வாரம் மூன்று. வேலை அதிகமானால் பதிவு குறையும், இத்தனை வருஷமாக உன்னிடம் நான் பார்த்த நியாயம் அதுதான். இப்போது எப்படித் தலைகீழாயிற்று? ஒன்று நீ பொய் சொல்கிறாய், இல்லையென்றால் வேறு யாரோ எழுதுகிறார்கள். உன் வீட்டில் எழுதத் தெரிந்த இன்னொரு ஆள் டீச்சர்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஏப்ரல் ஏழாம் தேதிப் பதிவில் ‘ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் குளியலறை’ என்று ஓதம் பிடித்த சுவரைப் போட்டிருக்கிறாய். படத்தின் ஓரத்தில் கதவுக் கைப்பிடி தெரிகிறது. அந்தப் பித்தளைக் கைப்பிடி நான் வாங்கிக் கொடுத்தது. நீ தலைகீழாகப் பொருத்தியதற்காக உன்னைத் திட்டியிருக்கிறேன். உடனே பழைய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘ஒரு முதியவரின் சமையலறை’ உன் சமையலறை. ‘நகரின் மறுகோடியில் ஒரு பால்கனி’யில் டீச்சரின் துணிக்கொடி. மார்ச் பாதியிலிருந்து ஒரு படமாவது வெளி வீட்டில் எடுத்ததா?

நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? டீச்சர் உன்னை வீட்டைவிட்டு வெளியே விடுவதில்லையா? உனக்கு உடம்பு ஏதாவதா?

பதிவுகளுக்குக் கீழே ஒரு பெயரில்லாத ஆள் ஒவ்வொரு தடவையும் ஒரே வரியை எழுதுகிறது, கவனித்தாயா? “படுக்கையறை சீலிங்கைத் தட்டிப் பார்த்தீர்களா?” வேறு ஒரு வார்த்தை கிடையாது. தொழில் போட்டிக்காரன் யாரோ உன்னைச் சீண்டுகிறான் என்று தோன்றியது. நீ வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய் என்பதால் நானே அடியில் எழுதினேன்: “பதினோரு வருஷ அனுபவம் உள்ளவருக்குப் பாடம் நடத்த வேண்டாம். வேலைவெட்டி இல்லாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.” அதற்கு நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். அந்த ஆளின் வாய் அன்றோடு அடைத்துவிட்டது.

பதில் போடு. பெரிதாகப் போடு.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

அந்தப் பதிலை எழுதியது நீ என்று எனக்குத் தெரியாது. இனிமேல் என் வலைப்பதிவில் எதுவும் எழுதாதே. எழுதியதை நீக்கவும் வேண்டாம், அது இன்னும் மோசம்.

டீச்சர் ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லாம் நான்தான். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மாமாவைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 6

டீச்சருக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் உனக்குத் தனியாக நான் கடிதம் எழுதியதில்லை. எழுதும்படி வைத்துவிட்டீர்கள்.

என் தம்பி வேலைக்குப் போகவில்லை. போவதாக எழுதுகிறான். உங்கள் வீட்டுச் சுவர்களையே படம் பிடித்து ஊரார் வீடு என்று போடுகிறான். இது உனக்குத் தெரியாமல் நடக்க வழியில்லை, ஏனென்றால் உன் துணிக்கொடியே சாட்சி. என் மேஜைக்கு வருகிற கோப்புகளில் இப்படித்தான் இருக்கும். காகிதங்கள் கொழுத்திருக்கும், கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

நீ அவனை என்ன சொல்லி அடக்கி வைத்திருக்கிறாய் என்று தெரியவில்லை. அவன் என்னிடம் எதையும் மறைக்கிறவன் இல்லை. நீ வந்த பிறகு மறைக்கிறான். உங்களுக்குள் ஏதாவது என்றால் நேராகச் சொல். அவனுக்கு நோய் ஏதாவது என்றால் அதையும் சொல். பத்து நாளில் பதில் வரவில்லை என்றால் நான் கிளம்பி வருவேன்.

அக்கா


மே 21

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் உடல் நலத்தோடு இருக்கிறோம். அங்கே அனைவரும் நலமாக இருக்க வேண்டும். பத்து நாள் கெடு கொடுத்திருந்தீர்கள். பதினைந்து ஆகிவிட்டது. எழுதலாமா கூடாதா என்று அவரிடம் கேட்டுக் கேட்டு, இன்றைக்குக் கேட்காமல் எழுதுகிறேன்.

ஜனவரியில் இவர் போன அந்தப் படிக்கட்டு வீடு உங்களுக்கு நினைவிருக்கும். அன்று படிக்கட்டில் முப்பத்தெட்டுப் படம் எடுத்திருக்கிறார். அதிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. அன்று மத்தியானம் பார்க்க வேண்டிய வீட்டுக்காரர் அதற்குள் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். இவர் படுக்கையறை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். சீலிங் வெள்ளையாக, சுத்தமாக இருந்திருக்கிறது. தட்டாமலே ‘தட்டிப் பார்த்தது, சரி’ என்று கட்டத்தில் குறி போட்டுவிட்டார். கையெழுத்தும் போட்டார்.

அதை நம்பி அவர்கள் வீட்டை வாங்கிப் பிப்ரவரியில் குடிபோனார்கள். மார்ச் பதினொன்றாம் தேதி மத்தியானம் அந்த அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்போது சீலிங் பூச்சு பெயர்ந்து அவர்மேல் விழுந்தது. தோள் எலும்பும் வலது கையும் உடைந்தன. அவர் தையல் வேலை செய்கிறவர். மறுநாள் அவர் கணவர் போன் செய்து, “அன்னைக்குத் தட்டிப் பாத்தீங்களா இல்லையா?” என்று ஒரே கேள்வி கேட்டார். இவர், “பார்த்தப்ப நல்லாத்தான் இருந்தது” என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவை வேறொருவர் மூலம் கொடுத்து அனுப்பினார். நேரில் போகவில்லை.

அதற்குப் பிறகு இவரால் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட முடியவில்லை. வந்த வேலையை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார். நான் பள்ளியிலிருந்து வரும்போது அலமாரியை நகர்த்திவிட்டுச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். வலைப்பதிவில் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை, அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு பதிவின் கீழும் கேள்வி எழுதியவர் அந்த அம்மாதான். இடது கையால் எழுதினார் என்று பணம் கொண்டுபோனவர் சொன்னார். நீங்கள் அவரை வேலைவெட்டி இல்லாதவர் என்று சொன்னீர்கள். மார்ச்சிலிருந்து அவருக்கு வேலை இல்லை என்பது உண்மை.

நான் இவரை அடக்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். போய் அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்று இரண்டு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் சொல்லலாமே என்றால் மட்டும் வேண்டவே வேண்டாம் என்கிறார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவருடைய மேஜை இழுப்பறையில் உங்கள் ஜனவரி மாதத்துக் கடிதத்தைப் படித்த பிறகு புரிந்தது. படம் எடுக்கச் சொன்னது நீங்கள் என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

தங்கள்,
டீச்சர்


ஜூன் 2

டொக்கு,

டீச்சர் எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. கோபித்தால் நான் அங்கே வந்து அவள் பக்கம் உட்கார்ந்துகொள்வேன். ஒன்பது வருஷமாக அவளைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் இனி எந்தக் கையால் அழிப்பது என்று தெரியவில்லை.

நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, பிறகு நிறுத்திக்கொண்டேன். அந்த யோசனை சொன்னது நான். தட்டாமல் குறி போட்டது நீ. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் நீயும் தப்பித்துக்கொள்வாய், நானும் தப்பித்துக்கொள்வேன். அப்படி வேண்டாம். என் பங்கை நான் வைத்துக்கொள்கிறேன்.

உன் அறிக்கை ஒரு கோப்பாக என் மேஜைக்கு வந்திருந்தால் பத்து நிமிஷத்தில் பிடித்திருப்பேன். படிக்கட்டுக்கு முப்பத்தெட்டுப் படம், படுக்கையறைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது ஒரு நல்ல பதிவாக வந்தது, என் தம்பி எழுதியதாக வந்தது, நான் ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். இந்த வேலையில் இவ்வளவு காலம் இருந்து நான் என்ன கற்றேனோ.

நீ விபத்துக்காக ஒளியவில்லை. பார்த்தப்ப நல்லாத்தான் இருந்தது என்று சொன்னாயே, அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒளிகிறாய். எனக்கு இந்த மாதிரி ஆட்களைத் தெரியும். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவார்கள், பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசல் பக்கம் மட்டும் போக மாட்டார்கள். நீ அந்த வரிசையில் நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. போ. டீச்சரைத் துணைக்குக் கூப்பிடாதே, தனியாகப் போ.

வலைப்பதிவில் எழுதாதே என்று நீ சொன்னதை மீறிவிட்டேன். என் பதிலுக்குக் கீழே என் முழுப் பெயரைப் போட்டு, நான் எழுதியது தவறு, விவரம் தெரியாமல் ஒரு நியாயமான கேள்வியை அவமானப்படுத்திவிட்டேன் என்று எழுதினேன். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் டீச்சரும் இருக்கிறோம். நேற்றுதான் வெகுநாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

போனேன். முதல் நாள் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் அந்த அம்மாவே கதவைத் திறந்தார், இடது கையால். வலது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. உள்ளே வரச் சொல்லவில்லை. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். நான் வழியெல்லாம் பெரிதாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

“அன்னைக்கு நான் சீலிங்கைத் தட்டல. தட்டினேன்னு எழுதிட்டேன்” என்றேன்.

“தெரியும். நான் கூடத்தானே நின்னேன்” என்றார். பிறகு, “இவ்வளவு எழுதறவரு, தட்டாமலே தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்” என்றார்.

அக்கா, அவர் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எழுதிக் கேட்டது விடை தெரியாத கேள்வியே இல்லை. நானே என் வாயால் சொல்வேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் வாசலில் நின்று அழுதேன். அவர் அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. உள்ளே போய் ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து, மற்ற அறைகளையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

நாலு மணி நேரம் தட்டினேன். ஒரு சாண்கூட விடவில்லை. அவர் ஒவ்வொரு அறையிலும் என் பின்னாலேயே நின்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில், தையல் மெஷினுக்கு நேர் மேலே, ஒரு கதவு அகலத்துக்கு அந்த டொப்பென்ற சத்தம் வந்தது. நான் சொல்வதற்கு முன்னால் அவரே “இங்கே” என்றார். மெஷினை நகர்த்தினோம். ஆளை வரவழைத்து மறுநாளே கொத்தி எடுக்கச் செய்தேன். அறிக்கையை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட வைத்தார். இரண்டு தடவை பேனாவை வைத்து எடுத்தேன். “மெதுவாப் போடுங்க, எனக்கு இப்ப அவசர வேலை ஒண்ணும் இல்ல” என்றார்.

நீ எழுதியதைப் பற்றியும் கேட்டார். யார் அது என்றார். எங்க அக்கா என்றேன். இரண்டையும் படித்ததாகவும், முதலில் எழுதியதுதான் நினைவில் நிற்கிறது என்றும் சொன்னார். உனக்குப் பிடிக்காது என்று தெரியும், ஆனாலும் மறைக்கவில்லை.

போன திங்கட்கிழமைப் பதிவில் நடந்ததை எல்லாம் எழுதிவிட்டேன். என் வீட்டுச் சுவர்களை ஊரார் வீடு என்று காட்டியதையும்தான். அதன் பிறகு இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் மட்டும் வரச் சொல்லியிருக்கிறார். இனி ஒரு நாளைக்கு ஒரு வீடுதான். மேலே போட்டிருந்த ‘வாரந்தோறும்’ என்ற வரியை எடுத்துவிட்டேன். எழுத நேரம் இருந்தால் எழுதுவேன்.

பார்க்கிறவர்கள் எல்லாம் ஆறுதல் சொல்கிறார்கள். யாருக்கும் நடக்கக்கூடியதுதான், உன்மேல் எங்களுக்கு இருக்கிற நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை என்கிறார்கள். அந்தப் பேச்சு ஆரம்பித்தாலே நான் எழுந்து போய்விடுகிறேன்.

உன் ஃப்ளாட்டை இன்னும் யாரையும் வைத்துப் பார்க்கவில்லை என்றால் நான் வரட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது.

டொக்கு


ஜூலை 3

அன்புள்ள டொக்குவுக்கு,

இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் அவர் எழுந்து போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார், ஜலதோஷமாம்.

அந்த அம்மா சொன்னது சரிதான். எனக்கும் நான் முதலில் எழுதியதுதான் நினைவில் நிற்கிறது.

ஃப்ளாட்டைப் பார்க்க நீ வா. ஆனால் ஒரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று காகிதத்தைக் கிழித்த பிறகு எழுதுகிறேன். நீ கொடுத்த நம்பரில் இருக்கிறவரையும் கூப்பிட்டிருக்கிறேன். அவரும் தனியாகப் பார்த்துத் தனியாக அறிக்கை கொடுப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வேன். இனிமேல் நாங்கள் அந்தச் சீலிங்குக்குக் கீழேதான் படுக்கப் போகிறோம்.

உன்மேல் எனக்குப் பாசம் குறையவில்லை. நம்பிக்கை குறைந்திருக்கிறது. குறையவில்லை என்று பூசி மெழுகினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். இதற்காக வர மாட்டேன் என்றால் எனக்குப் புரியும். ஆனால் வருத்தமாக இருக்கும்.

டீச்சரையும் அழைத்துக்கொண்டு வா. அவளுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். அதைப் பிரிக்காதே, உனக்கு எழுதியதில்லை.

அன்புடன்,
அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. வாசலிலேயே நின்று படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் பயந்துபோய் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அக்கா என்னை நம்பவில்லையாம் என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாதத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு ஒழுங்காகப் பேசியதில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலை இரண்டு பேரும் வந்து சேருவோம். உன் கடிதத்தை டீச்சர் படித்தாள். என்னிடம் காட்டவில்லை. உனக்கு வாங்கி வர என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்டாள். மாமாவை அன்று மாடிக்கு இழுக்காதே.

அந்த இன்னொருவரை எனக்கு முன்னால் வரச் சொல்லாதே. எனக்குப் பிறகு வரட்டும். அவர் முதலில் பார்த்தால், அவர் எழுதியதைத் தெரிந்துகொண்டு நான் தட்டாமலே எழுதிவிட்டேனோ என்று உனக்குச் சந்தேகம் வரும்.

எனக்கும் வரும்.

டொக்கு